அபயமும் ஐயமும்

ஐரோப்பிய ராஜ்யங்கள் தங்கள் எல்லைக் கதவுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடைத்து வருகின்றன. 1985-ஆம் வருஷம் லக்ஸம்பர்க் தேசத்து ஷெங்கன் என்னும் சிற்றூரில் கையெழுத்தான உடன்படிக்கையின் பயனாக, 1995 முதற்கொண்டு, பாஸ்போர்ட்டுச் சோதனையின்றி ஒரு தேசத்தினின்று மற்றொரு தேசத்துக்குப் போய்வரும் சுதந்திரத்தை அக்கண்டத்து ஜனங்களிற் பெரும்பாலோர் பெற்றிருந்தனர். இரண்டு மகா யுத்தங்களில் ஒருவரையொருவர் கொன்று குவித்த ஜாதியார் எல்லைக் கம்பத்தைத் தாமே பிடுங்கியெறிந்தது சென்ற நூற்றாண்டின் அருஞ்செயல்களுள் ஒன்றாகப் போற்றப்பட்டது. அந்தக் கம்பங்கள் இப்பொழுது திரும்ப நடப்படுகின்றன. பிரான்ஸ் 2015 நவம்பரில் "தற்காலிகம்" என்று சொல்லித் தொடங்கிய எல்லைச் சோதனையைப் பத்தாண்டுக் காலம் புதுப்பித்துப் புதுப்பித்து வந்தது. ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் நில எல்லை முழுவதிலும் சோதனை ஏற்படுத்திற்று. பயங்கரவாதிகளிடமிருந்து பிரஜைகளைக் காப்பதற்கே இவ்வேற்பாடு என்று சர்க்கார்கள் கூறுகின்றன.

இதைப் பற்றி அடி அண்ணாமலையில் இருந்துகொண்டு நாம் எழுதுவானேன் என்று வாசகர்களிற் சிலர் வினவக்கூடும். எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரு கொடிய கொலை நிகழ்ந்த பின்னர், அக்கொலைஞர் பேசிய பாஷையையே பேசிக்கொண்டு நம்மிடம் அபயம் புகுந்திருக்கும் ஏழை ஜனங்களை என்ன செய்வது என்ற கேள்வி, ஐரோப்பாவுக்கு எழுவதற்கு இருபத்து நான்கு வருஷங்களுக்கு முன்பே தமிழ் நாட்டுக்கு எழுந்தது. அதற்கு நாம் அளித்த விடை இன்னமும் முகாம்களாக நின்றுகொண்டிருக்கிறது. நமது திருவண்ணாமலை மாவட்டத்திலும் அத்தகைய முகாம்கள் இருக்கின்றன. ஆகவே, பாரிஸுக்கும் பெர்லினுக்கும் யோசனை சொல்லுமுன் நமது வீட்டுக் கணக்கைப் பார்ப்பது முறை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பயங்கரவாதத்துக்குச் சமாதானம் கூறுவோர் எவராயினும் அவர்களோடு நமக்குச் சம்பந்தமில்லை. 2015 நவம்பர் 13-ந் தேதி இரவு பாரிஸில் 130 பேர் கொல்லப்பட்டனர். பாட்டாக்லான் சங்கீத மண்டபத்தில் மட்டும் பாட்டுக் கேட்க வந்த 90 பேர் மாண்டனர். 2019 ஏப்ரல் 21-ந் தேதி, ஈஸ்டர் பண்டிகையன்று, கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலுள்ள மாதா கோயில்களிலும், கொழும்பு நகரத்துப் பெரிய ஹோட்டல்களிலும் 260-க்கும் மேற்பட்டோர் சின்னாபின்னமாயினர். இறந்தவர்களில் தமிழரும் சிங்களவரும் அந்நிய தேசத்தாரும் உண்டு, குழந்தைகளும் உண்டு. இக்காரியங்களை மதத்தின் பேரால் செய்தோர் மதத்துக்கும் மனித ஜாதிக்கும் ஒருங்கே துரோகம் செய்தவர்கள்.

பிரஜைகளின் உயிரைக் காப்பது சர்க்காரின் முதற் கடமை என்பதிலும் தகராறில்லை. கார்த்திகை தீபத்தன்று இம்மலையைச் சுற்றிப் பல லட்சம் ஜனங்கள் நடக்கின்றனர். ஆயிரக்கணக்கான போலீஸார் பந்தோபஸ்துக்கு நிற்கின்றனர். கோயில் வாயிலில் பைகளைத் திறந்து பார்க்கின்றனர். யாரும் அதை அவமானமாக எண்ணுவதில்லை. ஏனெனில், அந்தச் சோதனை சென்னையிலிருந்து மோட்டாரில் வரும் தனவந்தனுக்கும் செங்கத்திலிருந்து நடந்து வரும் கிழவிக்கும் ஒன்றேயாகும். ஓரிடத்தைக் காப்பாற்றுவதற்காக வருவோர் அனைவரையும் ஒருபோற் சோதிப்பது நியாயம். பிறந்த இடத்தையும் தொழும் தெய்வத்தையும் கேட்டு, ஒரு வகுப்பாரை மட்டும் ஒதுக்கி நிறுத்துவது முற்றிலும் வேறு விஷயம். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் இன்றைய விபரீதம் முழுவதும் இருக்கிறது.

பாரிஸ் படுகொலையைச் செய்தவர்கள் யார்? அவர்களிற் பெரும்பாலோர் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் வளர்ந்தவர்கள். அந்தத் தேசங்களின் பிரஜைகள். பிறந்த ஊருக்குத் திரும்புகிறவனை எந்த எல்லைக் கம்பம் தடுக்கும்? பிரான்ஸில் பிரகடனம் செய்யப்பட்ட அவசர நிலைமை 2017 நவம்பர் 1 வரை நீடித்தது. கோர்ட்டு வாரண்டு இல்லாமலே ஆயிரக்கணக்கான வீடுகள் சோதிக்கப்பட்டன. அவற்றினின்று பயங்கரவாத வழக்காக விளைந்தவை மிகச் சிலவே. அவசர நிலைமை அமலிலிருந்த பொழுதே, 2016 ஜூலை 14-ந் தேதி, நீஸ் நகரத்தில் ஒருவன் லாரியை ஜனக் கூட்டத்தின்மேல் ஓட்டி 86 பேரைக் கொன்றான். அவசர நிலைமை முடிந்த பின்பும், அதன் அதிகாரங்களிற் சில சாதாரணச் சட்டமாகவே தங்கிவிட்டன.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நாம் மறைக்கப் போவதில்லை. பாரிஸ் கொலைஞர்களுள் இருவர் 2015 அக்டோபரில் பொய்ச் சிரியப் பாஸ்போர்ட்டுகளுடன் கிரேக்க நாட்டு லெரோஸ் தீவில் அகதிகளோடு அகதிகளாக இறங்கினர் என்பது உண்மை. 2024 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத் திருவிழாவில் மூவரைக் குத்திக் கொன்றவன் அபயம் கேட்டு வந்த சிரியன் என்பதும் உண்மை. ஆனால் இவ்விரண்டும் நமக்குப் போதிப்பது யாது? லெரோஸில் வேண்டியிருந்தது போலித் தஸ்தாவேஜைக் கண்டறியும் திறமை. ஸோலிங்கன் விஷயத்திலோ, அம்மனிதனைப் பல்கேரியாவுக்கு அனுப்பிவிட வேண்டுமென்று முன்னமே உத்தரவாகியிருந்தது. உத்தரவை நிறைவேற்றத்தான் ஆளில்லை. ஒரு குறிப்பிட்ட மனிதன்மேல் பிறந்த ஓர் உத்தரவை நடத்தத் தவறிய உத்தியோகஸ்தர்களின் குறைக்குப் பரிகாரமாக, லட்சக்கணக்கானவர் முகத்தில் கதவை அடைப்பது எந்த நீதி சாஸ்திரத்தில் உள்ளது? 2014 முதல் மத்தியதரைக் கடலைக் கடக்க முயன்று 30,000-க்கும் மேற்பட்டோர் மாண்டோ காணாமலோ போயிருக்கின்றனர். சிரியாவிலும் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலுமிருந்து வந்தோரிற் பலர், ஐரோப்பா அஞ்சுகிற அதே பயங்கரவாதிகளுக்குப் பயந்து ஓடியவர்கள் என்பதை மறக்கலாகாது.

ஐரோப்பா செய்த நற்காரியத்தையும் சொல்வது கடமை. பாரிஸ் படுகொலை வழக்கு 2021 செப்டம்பரில் தொடங்கிப் பத்து மாதம் நடந்தது. எதிரிகள் 20 பேர். உயிர் தப்பியவர்களும் இறந்தோரின் உறவினர்களும் கூண்டிலேறிச் சாட்சி சொன்னார்கள். எதிரிகளுக்கு வக்கீல்கள் வாதாடினார்கள். 2022 ஜூன் 29-ந் தேதி தீர்ப்பாயிற்று. ஒருவனுக்கு விடுதலையில்லாத ஆயுள் சிறை. மற்றொருவனுக்கு இரண்டே வருஷம். ஏன் இந்த வித்தியாசம்? அவனவன் செய்தது என்னவென்று தனித்தனியே நிறுத்துப் பார்த்ததனால்தான். ராணுவத்தையும் முள்வேலியையும்விட அந்தக் கோர்ட்டு மண்டபமே பயங்கரவாதத்துக்குப் பிரான்ஸ் அளித்த கம்பீரமான பதில் என்பது நமது அபிப்பிராயம்.

இனி, நமக்கு அண்டையிலுள்ள இலங்கையைப் பார்ப்போம். ஈஸ்டர் தினத்தில் குண்டைக் கட்டிக்கொண்டு போனவர்கள் இலங்கைப் பிரஜைகள். தலைவனாயிருந்த ஸஹ்ரானைப் பற்றி அவனது சொந்த ஊராகிய காத்தான்குடியின் முஸ்லிம்களே போலீஸாரிடம் முன்னதாக முறையிட்டிருந்தனர். இந்திய உளவு இலாகாவும் ஏப்ரல் முதல் வாரத்திலேயே எச்சரிக்கை அனுப்பியிருந்தது. எச்சரிக்கைக் காகிதம் ஒரு மேஜையிலிருந்து மறு மேஜைக்கு நகர்ந்துகொண்டிருக்கும்போதே குண்டுகள் வெடித்தன. அப்பொழுது ஜனாதிபதியாயிருந்த மைத்ரிபால ஸிரிஸேன கடமை தவறினார் என்று கண்டு, 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி 2023 ஜனவரியில் இலங்கைச் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

தவறு மேலிடத்தில், தண்டனை விழுந்ததோ தெருவில். அடுத்த மாதமே குருநாகல், மினுவாங்கொடைப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் மசூதிகளும் சூறையாடப்பட்டன. நீர்கொழும்பில் நடந்தது இன்னும் துயரமானது. பாகிஸ்தானத்திலும் ஆப்கானிஸ்தானத்திலும் மத வெறியர்களால் துரத்தப்பட்டு அவ்வூரில் தங்கியிருந்த அகதிகள் நூற்றுக்கணக்கில் வாடகை வீடுகளினின்று வெளியேற்றப்பட்டு, மசூதியிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் ஒதுங்க நேர்ந்தது. அவர்களுள் அஹமதியா வகுப்பாரும் கிறிஸ்தவர்களும் இருந்தனர். எந்தக் கொள்ளிக்கு அஞ்சி ஓடிவந்தார்களோ, அந்தக் கொள்ளியைக் கையில் வைத்திருப்பவர்களென்று அவர்களையே ஊரார் ஐயுற்றனர்.

நமது கோயம்புத்தூரும் இந்தப் பாடத்தை அறியும். 1998 பிப்ரவரி 14-ந் தேதி அந்நகரில் வெடித்த குண்டுகளால் 58 பேர் மாண்டனர். 200-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டது முற்றிலும் சரி. ஆனால் அவ்வழக்கில் ஒன்பது வருஷத்துக்கு மேல் விசாரணைக் கைதியாகச் சிறையிலிருந்த கேரள அரசியல்வாதி அப்துல் நாஸர் மதானியை, அதில் குற்றமற்றவரென்று 2007 ஆகஸ்டில் கோர்ட்டே விடுவித்தது. அந்த ஒன்பது வருஷத்தை எந்தக் கஜானாவிலிருந்து யார் திருப்பிக் கொடுப்பது? காத்தான்குடியிற் போல, விஷ விதையை முதலில் காண்கிறவன் அதே தெருவில் வசிப்பவன். அவனைச் சர்க்கார் சந்தேகித்து அவமதித்தால், அவன் வாய் மூடிக்கொள்வான். ஒரு வகுப்பாரை விரோதித்துக்கொள்ளும் போலீஸ் தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிறது.

இப்பொழுது நமது வீட்டுக் கணக்குக்கு வருவோம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப்பின் இலங்கைத் தமிழர்கள் தோணி ஏறி ராமேசுவரக் கரையில் வந்து இறங்கினார்கள். தமிழ் நாடு அவர்களை அன்போடு வரவேற்றது. பள்ளிக்கூடங்கள் திறந்தன, சோறு கிடைத்தது, ஊர் தோறும் உண்டியல் குலுங்கிற்று. 1991 மே 21-ந் தேதி ஸ்ரீபெரும்பூதூரில் ராஜீவ் காந்தியையும் அவரோடு வேறு பலரையும் விடுதலைப் புலிகள் கொன்றனர். ஒரே இரவில் நமது மனம் மாறிற்று. அப்பொழுது இந்நாட்டிலிருந்த ஏறத்தாழ 2 லட்சம் அகதிகளும், குழந்தையும் கிழவியும் உட்பட, சந்தேகத்துக்குரியவர்களாயினர். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கல்விச் சலுகைகள் சில காலம் நிறுத்தப்பட்டன. தொண்டு ஸ்தாபனங்கள் முகாம்களுக்குள் நுழைய முடியாமற் போயிற்று. 1992 முதல் ஆயிரமாயிரமாக ஜனங்கள் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். விருப்பமில்லாதோரிடமும், படிக்கத் தெரியாத பாஷையில் அச்சிட்ட சம்மதப் பத்திரங்களில் கையொப்பம் வாங்குகிறார்களென்ற புகார் சென்னை ஹைகோர்ட்டு வரையில் சென்றது. எஞ்சியவர்கள் பத்தடிக்குப் பத்தடி அறைகளில் குடும்பம் நடத்தினார்கள். வெளியூர் சென்றால் அனுமதி, குறித்த நாளில் திரும்பிவந்து பெயர் கொடுத்தல், தவறினால் உதவித் தொகைக்கு மோசம் என்பது அவர்களுக்கு விதியாயிற்று.

கொலை வழக்கின் முடிவையும் கவனிக்க வேண்டும். 1998 ஜனவரியில் பூந்தமல்லி விசேஷக் கோர்ட்டு 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு நால்வருக்கு மட்டுமே அத்தண்டனையை ஊர்ஜிதம் செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்து, மற்ற 19 பேரையும் கொலைக் குற்றத்தினின்று விடுவித்தது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டமாகிய தடா அவ்வழக்குக்குப் பொருந்தாது என்றும் தீர்ப்பளித்தது. தேசத்தின் உயர்ந்த தலைவர் ஒருவரைக் கொன்ற வழக்கிலேயே, தனித்தனியே நிறுத்துப் பார்த்தபோது 26 பேரில் 19 பேர் தூக்குமேடையினின்று இறங்கினார்கள் என்றால், எந்த வழக்கிலும் பெயர் இல்லாத பல்லாயிரம் ஏழைகளை நிறுத்துப் பாராமலே ஒதுக்கி வைத்தது எவ்வளவு பெரிய அநீதி!

இந்த மனோபாவம் நமக்குப் புதியதன்று. மதுரையில் அந்நியனாக வந்த கோவலனை, ஒரு பொற்கொல்லனின் சொல்லை நம்பி, விசாரணையின்றிப் பாண்டியன் வெட்டுவித்தான். உண்மை தெரிந்தபின் அவன் உயிர் விட்டான். அத்துடன் கதை முடிந்ததாகவே பெரும்பாலோர் எண்ணுகிறோம். ஆனால் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பின்னர் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டுக் கண்ணகிக்குச் சாந்தி செய்தான் என்று சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. பொய் சொன்னவன் ஒருவன். தலை போனதோ ஆயிரம் பேருக்கு. முதல் அரசன் விசாரியாமல் ஒருவனைக் கொன்றதை அநீதி என்று காவியம் முழுவதும் முழங்குகிறது. விசாரியாமல் ஆயிரவரைக் கொன்ற இரண்டாம் அரசனைப் பற்றி நாம் மேடையேறிப் பேசுவதில்லை. பேச வேண்டும்.

"அகதிகளோடு புலிகளும் கலந்திருந்தது பொய்யா?" என்று கேட்பவர்கள் உண்டு. பொய்யில்லை. நமக்கு அருகிலுள்ள வேலூர்க் கோட்டையில், சிறப்பு முகாமாயிருந்த திப்பு மகாலிலிருந்து, 1995 ஆகஸ்டு 15-ந் தேதி நாற்பதுக்கும் மேற்பட்ட புலிகள் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். அபாயம் மெய்யாகவே இருந்தது. ஆயினும், அந்தச் சுரங்கத்தை அத்தியந்தலிலோ ஆரணியிலோ கூலி வேலை செய்து பிழைத்த குடும்பத்தார் தோண்டவில்லை. யாரைக் காவலில் வைத்திருந்தோமோ அவர்களைக் காக்கத் தெரியாமல் கோட்டை விட்டோம். காவல் வேண்டாதவர்களை வருஷக்கணக்கில் காத்தோம். கவனத்தை எல்லார்மீதும் பரப்புகிறவன் கவனிக்க வேண்டியவனைத் தவறவிடுகிறான். லெரோஸிலும் ஸோலிங்கனிலும் கொழும்பிலும் நடந்தது இதுவே.

தமிழர்கள் பிறர் வாயிலில் நின்ற கதையும் உண்டு. 2010 ஆகஸ்டில் 'ஸன் ஸீ' என்ற பழங் கப்பலில் 492 இலங்கைத் தமிழர்கள் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தார்கள். அதில் பயங்கரவாதிகள் இருக்கிறார்களென்று அந்த சர்க்கார் கூறிற்று. பெண்களும் குழந்தைகளும்கூடக் காவலில் வைக்கப்பட்டனர். பலர் பின்னர் அகதிகளென அங்கீகரிக்கப்பட்டனர். 2021 அக்டோபரில் தென்னிந்தியக் கரையினின்று சென்ற தமிழர்கள் இந்து மகாசமுத்திரத்து டீகோ கார்ஸியாத் தீவில் பிரிட்டிஷாரிடம் அகப்பட்டு மூன்று வருஷம் கூடாரங்களில் வேலிக்குள் கிடந்தனர். அந்தக் காவல் சட்ட விரோதமென்று 2024 டிசம்பரில் கோர்ட்டு தீர்த்தது. அப்பொழுதெல்லாம் நாம் பதைபதைத்தோம். இன்னும் பின்னோக்கினால், 1908-இல் நமது பாரதியார் ஆங்கில சர்க்காருக்குத் தப்பிப் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடியின் கீழ் அபயம் புகுந்தார். 1911-இல் மணியாச்சியில் ஆஷ் துரை சுடப்பட்டபோது, புதுச்சேரியிலிருந்த தேசபக்தர் அனைவர்மேலும் ஐயம் பாய்ந்தது. வேவுகாரர்கள் வீதிகளில் மொய்த்தார்கள். அப்படியிருந்தும் பிரெஞ்சு சர்க்கார் பாரதியாரை ஆங்கிலேயர் கையில் பிடித்துக் கொடுக்கவில்லை. அன்று கொடுத்திருந்தால் தமிழ் எவ்வளவு இழந்திருக்கும் என்பதை இன்றைய பிரான்ஸும் நினைக்கட்டும், நாமும் நினைப்போம்.

முகாம்களின் நிலை சிறிது திருந்தியிருப்பதை ஒப்புக்கொள்கிறோம். 2021 ஆகஸ்டில் தமிழ் நாட்டு சர்க்கார் 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்து, 7,469 வீடுகள் கட்ட முன்வந்தது. "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என மாற்றிற்று. பெயர் மாறியது நன்று. நிலையும் மாற வேண்டும். அவ்வருஷத்துக் கணக்கின்படி முகாம்களுக்குள் 58,000-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களுள் இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே மணம் செய்து, தாமும் பிள்ளை பெற்றவர்கள் பலர். 2019-ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை தேசங்களிலிருந்து வந்த ஆறு மதத்தினருக்கு வழி திறந்தது. அம்மூன்றில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார் பிறப்பித்த உத்தரவு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழரைத் தஸ்தாவேஜு இல்லாக் குற்றத்துக்குரிய தண்டனையினின்று விலக்கிற்று. நல்லதே, ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பது வேறு, ஏற்றுக்கொள்கிறோம் என்பது வேறு. உலகத்து அகதிகளுக்கெல்லாம் இடம் கொடுக்க இந்தியா தர்ம சத்திரம் அன்று என்று 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு பெஞ்சிலிருந்து வாய்மொழியாக ஒரு கருத்து எழுந்தது. வந்தவர் அனைவரையும் வைத்துக்கொள்ள வேண்டுமென்று நாமும் சொல்லவில்லை. நாற்பது வருஷம் தங்கியவரைச் சத்திரத்து வழிப்போக்கர் என்று சொல்ல முடியுமா என்பதே நமது கேள்வி.

ஆதலின் நாம் வேண்டுவன இவை. 1951-ஆம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. அபயம் கேட்போரை விசாரிக்க நமக்கெனச் சட்டமுமில்லை. அப்படியொரு சட்டம் இயற்றப்பட வேண்டும். ஒவ்வொருவரையும் தனியே விசாரித்து, காரணம் எழுதி, அப்பீலுக்கு வழி வைத்து முடிவு சொல்லும் ஏற்பாடு அதில் இருக்க வேண்டும். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவிற் பிறந்தோர் 1955-ஆம் வருஷத்துச் சட்டப்படியே பிரஜைகள். அவர்களுக்குரிய பத்திரத்தைக் கேளாமலே வழங்க வேண்டும். அதன்பின் பிறந்தவர்களுக்கும், 1964-ஆம் வருஷத்து சாஸ்திரி-ஸிரிமாவோ ஒப்பந்தத்தால் உரிமை பெற வேண்டியிருந்த மலையகத் தமிழர்களின் சந்ததியாருக்கும் பார்லிமெண்டு வழி செய்ய வேண்டும். தண்டனைக் காலம் முடிந்தவரையும் வழக்கே இல்லாதவரையும் காலவரையின்றி அடைத்து வைக்கும் சிறப்பு முகாம் முறையை ஒழிக்க வேண்டும். குற்றம் செய்தவன்மீது வழக்குத் தொடரட்டும், நிரூபிக்கட்டும், கடுமையாகத் தண்டிக்கட்டும். அதற்கு நாம் குறுக்கே நிற்க மாட்டோம்.

இவற்றை நாம் செய்துவிட்டு ஐரோப்பாவை நோக்கிப் பேசினால் அப்பேச்சுக்கு மதிப்பு உண்டாகும். பௌர்ணமி தோறும் இம்மலையை வலம் வருவோருக்கு வழி நெடுகச் சோறிடுகிறார்கள். இடுகிறவர் எவரும் உண்கிறவரின் ஊரையும் பெயரையும் கேட்பதில்லை. ஒரு நாள் விருந்தினருக்குக் காட்டும் அந்தப் பெருந்தன்மையை, நாற்பது வருஷம் நம்மோடு இருந்தவர்களுக்குச் சட்டத்தின் மூலம் காட்டும்படி டில்லி சர்க்காரையும் சென்னை சர்க்காரையும் வற்புறுத்துவது இந்த மாவட்டத்து ஜனங்களின் கடமை. வரும் பார்லிமெண்டுக் கூட்டத்திலேயே இவ்விஷயத்தை எழுப்புமாறு தங்கள் பிரதிநிதிக்கு ஒவ்வொரு ஊராட்சியினின்றும் விண்ணப்பம் போகட்டும்.